பதினேழு மணி நேரத் தாமதத்தில் ஒரு வளைகாப்பு

எங்கள் கல்கத்தா தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் "நம்மில் ஒருவர்" என்று ஒரு பக்கம் வரும். இந்த வருஷம் அந்தப் பக்கத்துக்கு வசுமதியைப் பற்றி எழுதிக் கொடு என்று ரஞ்சனா என்னைப் பிடித்துக்கொண்டாள். ரஞ்சனா சால்ட் லேக்கில் இருக்கிறாள், மலர் வேலையெல்லாம் அவள் தலையில்தான். "முப்பது வருஷமா அவளோட பழகறேள், உங்களைவிட யாருக்குத் தெரியும்? நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கோ மகேஸ்தி" என்றாள். நல்லதாகவா? எனக்கு வசுமதியைப் பார்த்தால் வயிறு எரியும். முப்பது வருஷமாக எரிகிறது. அதை விட்டுவிட்டு எழுது என்றால் இரண்டு வரிகூடத் தேறாது.

சரி, முதலில் விவரம். வசுமதி மாயவரத்துப் பெண். இருபத்திரண்டு வயதில் ரங்கராஜனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கல்கத்தா வந்தாள். ரங்கராஜனுக்குத் துறைமுக ஆபீஸில் ஸ்டோர்ஸில் வேலை. எனக்கும் அதே ஆபீஸ், எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். குவார்ட்டர்ஸில் அவர்கள் கீழ் வீடு, நாங்கள் மேல் வீடு. வந்த புதிதில் அவளுக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. ஆறே மாதத்தில் காய்கறிக்காரனோடு சண்டை போட்டே வங்காளி கற்றுக்கொண்டாள். நான் ஆபீஸில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பேசிய வங்காளியைவிட அவளுடையது சுத்தம் என்று பக்கத்து வீட்டு முகர்ஜி பௌதி என் முகத்துக்கு நேரே சொன்னாள். பௌதி என்றால் மன்னி. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்கள் என்னை மகேஸ்வரிதி, மகேஸ்வரிதி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். வசு அதைச் சுருக்கி மகேஸ்தி ஆக்கினாள். இன்று டாலிகஞ்சிலிருந்து சால்ட் லேக் வரை எல்லாத் தமிழர்களுக்கும் நான் மகேஸ்தி. என் பெயரைக்கூட அவள்தான் வைத்தாள் என்று ஆகிவிட்டது, பாருங்கள்.

அவளுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. எனக்கு அக்ஷரா பிறந்தாள். அப்போதெல்லாம் பிரசவ லீவு மூன்றே மாதம். லீவு முடிகிற அன்று காலை குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வசுவின் கையில் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து மணியை அடித்து வாங்கிக்கொண்டு மேலே போனேன். இது பத்து வருஷம் நடந்தது. அக்ஷரா அவளை மாஷி என்று கூப்பிட்டாள். வங்காளியில் சித்திக்கு மாஷி. குழந்தை தவழ்ந்ததும் கீழ் வீட்டில்தான், நடந்ததும் கீழ் வீட்டில்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், "மகேஸ்தி, இன்னிக்கு எட்டு அடி நடந்தா!" என்று அந்த வசு வாசலிலேயே சொல்லிவிடுவாள். கொஞ்சம் பொறுத்தால் நானே பார்த்துக்கொள்ள மாட்டேனா? அன்று இரவு என் வீட்டுக்காரர் சீதாராமனிடம் இதைச் சொல்லி அழுதேன். குழந்தை நடந்ததற்கு எதற்கு அழுகிறாய் என்று கேட்டார் அந்த மனுஷர்.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணினபோதாவது விட்டது என்று நினைத்தேன். டாலிகஞ்சில் நாங்கள் ஃப்ளாட் வாங்கின கட்டிடத்திலேயே அவர்களும் வாங்கினார்கள். எதிர் வாசல்.

இப்போது கதைக்கு வருகிறேன். அக்ஷரா கல்யாணமாகி சென்னையில் இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். அலைச்சல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பை சம்பந்தி லக்ஷ்மி மாமியின் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். ஒரு மாதம் முன்னால் அக்ஷரா போன் பண்ணினாள்.

"அம்மா, முதல் வளையல் மாஷிதான் போடணும். அப்புறம் நீ போடு. போன்ல நான் கேட்டேன்னா அவ அழுதுடுவா. நீ நேர்ல சொல்லிடு."

பெற்றவள் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது முதல் வளையல் மாஷி போடவேண்டுமாம்! எனக்குக் காது அடைத்துப்போயிற்று. நான்கு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் அக்ஷராவைக் கூப்பிட்டு, "கேட்டேன்டி. மாட்டேங்கறா. கை நடுங்கறதாம், கண்ணாடி வளையல் உடைஞ்சு வெச்சா அபசகுனம்ங்கறா" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். வசுவிடம் நான் வாயே திறக்கவில்லை. சரி, நேரில் வரும்போது நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் அக்ஷரா. நேரில் பேச விட்டால்தானே?

சீதாராமன் நான்கு நாள் முன்னாலேயே விமானத்தில் போய்விட்டார். நானும் போயிருப்பேன். ஆனால் வசு விமானத்தில் ஏறமாட்டாள், காது அடைக்குமாம். ஏசி பெட்டியும் ஆகாது, மூக்கு அடைக்குமாம். அதனால் மகராணியை ஸ்லீப்பரில் ஜாக்கிரதையாக அழைத்து வருவது என் பொறுப்பு. அக்ஷராவின் உத்தரவு. மலர் வேலை ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறதென்று ரஞ்சனாவும் ஒட்டிக்கொண்டாள். எனக்கும் வசுவுக்கும் எதிரும் புதிருமாகக் கீழ் பெர்த், ரஞ்சனாவுக்கு என் தலைக்கு மேல் நடு பெர்த்.

கிளம்புவதற்கு முன் வளையல் வாங்கக் கடியாஹாட் கடைத்தெருவுக்குப் போனோம். நான் "ரெண்டு நாலு" அளவில் எடுத்தேன். என் பெண்ணின் கை அளவு எனக்குத் தெரியாதா? வசு பக்கத்திலிருந்து, "ரெண்டு ஆறு எடுங்கோ மகேஸ்தி, ஏழு மாசத்துல கை பூரிச்சிருக்கும்" என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று இரண்டு நாலையே கட்டச் சொன்னேன். மறுநாள் தனியாகப் போய் அத்தனையையும் இரண்டு ஆறாக மாற்றிக்கொண்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொல்லுவேனா?

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஹவுராவில் வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குச் சென்னை. அங்கே போனதும் அக்ஷராவை வசுவோடு ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது, எட்டு மணிக்கே தூங்க அனுப்பிவிட வேண்டும், காலையில் கூட்டத்தோடு கூட்டமாக முதல் வளையலை நானே போட்டுவிட வேண்டும். இதுதான் என் திட்டம். கரக்பூர் தாண்டும் முன்பே மூன்று தரம் மனசில் ஒத்திகை பார்த்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் தயிர் சாதம் கொண்டு போயிருந்தேன். புளித்துப் போயிருந்தது. வசு மிளகாய்ப்பொடி தடவின இட்லியை வாழையிலையில் நான்கு நான்காகக் கட்டி, ஒவ்வொரு வேளைக்கும் தனி மூட்டையாக வைத்திருந்தாள். எதிரில் இருந்த ஒடியாக் குடும்பத்துக்கும் கொடுத்தாள். அந்த வீட்டுப் பெரியவர் விரலை நக்கிக்கொண்டே, "பஹுத் படியா, பஹன்ஜி" என்றார். என் தயிர் சாதத்தை ரஞ்சனா மட்டும் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாள்.

வியாழன் காலை கண் விழித்தால் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. விசாகப்பட்டினம் தாண்டி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரே ஒரு நடைமேடை, ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னால் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, வடியாமல் நகர முடியாது என்றார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் டி.டி.ஈ. வானத்தைப் பார்த்தார்.

எட்டு மணிக்கு அக்ஷராவின் போன். நான் போனை எடுத்துக்கொண்டு பெட்டியின் கோடிக்கு, கை கழுவுகிற இடத்துக்கு ஓடினேன்.

"அம்மா, எங்க இருக்கேள்? மாஷிகிட்ட குடு."

"அவ தூங்கறாடி."

ஒன்பதரைக்கு மறுபடி போன், மறுபடி ஓட்டம். மாஷி குளிக்கப் போயிருக்கிறாள் என்றேன். ஸ்லீப்பர் பெட்டியில் எங்கே குளிப்பது? பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பதினொன்றுக்கு இன்னொரு போன். பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழி விட ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன மகேஸ்தி, மணிக்கு ஒரு தடவை ரகசியம்? எங்களுக்கெல்லாம் சொல்லக்கூடாதா?" என்று ரஞ்சனா கேலி பண்ணினாள்.

"சம்பந்தியாத்து விஷயம். உனக்கு எதுக்கு?"

"டிக்கெட் எடுத்த அன்னிலேர்ந்து நீங்க சரியாவே இல்ல. என்னமோ இருக்கு."

வசு வளையல் பெட்டி குலுங்காமல் இருக்கத் தன் போர்வையை மடித்து அதற்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்து, "மாத்திட்டேளா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மதியம் நகரவில்லை. ஒரு மணிக்கு லக்ஷ்மி மாமி கூப்பிட்டு, பத்தரைக்குள் வர முடியாவிட்டால் ராகு காலம் கழித்துப் பன்னிரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள் என்றாள். கவலைப்படாமல் எப்படி இருப்பது? நாங்கள் ராத்திரிக்குள் போய்ச் சேராவிட்டால் என் திட்டமெல்லாம் என்ன ஆவது? அதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்தது. எங்கள் பக்கத்துச் சாக்கெட் வேலை செய்யவில்லை. அடுத்த பகுதியில் ஒரே சாக்கெட்டுக்கு எட்டுப் பேர் காத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு என் போன் அணைந்தது. உடனே பக்கத்தில் மணி அடித்தது. வசுவின் போன்.

வசுவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அதனால் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அவளுக்கும் ரங்கராஜனுக்கும் சர்க்கரை எவ்வளவு என்பது எங்கள் கட்டிடத்துக்கே தெரியும். நான் கையை நீட்டுவதற்குள் பட்டனை அமுக்கிவிட்டாள்.

"மாஷி! அம்மா போன் என்னாச்சு? வண்டி கிளம்பித்தா?"

"இல்லடா கண்ணா. நீ சாப்பிட்டியா? காலை நீட்டி உக்காந்துக்கோ."

"நீ வர வரைக்கும் நான் மணையில உக்கார மாட்டேன், எத்தனை மணியானாலும் சரி. ஆனா உன்மேல எனக்குக் கோபம். முதல் வளையல் போடமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டியே, ஏன் மாஷி?"

ரஞ்சனாவின் கையிலிருந்த முறுக்கு அப்படியே நின்றது. வசு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தேன். காது இரண்டும் சுட்டன.

"அது வந்து…" என்றாள் வசு. "முட்டி வலிடா. மணைக்கு முன்னால குனிஞ்சு உக்கார முடியல. அதான் அம்மாகிட்ட மாட்டேன்னேன்."

"முட்டியா?" என்றாள் அக்ஷரா.

"ஆமாண்டா."

"சரி மாஷி. ஜாக்கிரதையா வாங்கோ."

போனை வைத்ததும் ரஞ்சனா எழுந்து, தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு நடைமேடைக்கு இறங்கினாள். எதிரில் இருந்த ஒடியாப் பெரியவர்கூட அவளோடு இறங்கிவிட்டார். பாஷை தெரியாவிட்டால் என்ன, மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா?

எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்டாள், அதுதான் தாங்கவில்லை. இதிலும் அவள்தான் ஒரு படி மேல்!

"எதுக்குடி பொய் சொன்னே?" என்றேன் கடுப்பாக. கேள்வி கேட்கிற ஆளைப் பாருங்கள்.

"நீங்க சொன்னதுல தப்பில்ல, மகேஸ்தி" என்றாள் வசு. குரலே எழும்பவில்லை. "பிள்ளை பெறாதவ முதல் வளையலைத் தொட்டா உங்களுக்கு உறுத்தத்தான் செய்யும். ஒத்தைப் பொண்ணு, அதுவும் தலைப்பிரசவம். நானா இருந்தாலும் பயப்படுவேன். நான் அந்த நேரம் அடுக்களையிலதான் இருக்கறதா இருந்தேன். எனக்கு எங்க நிக்கணும்னு தெரியும். அன்னிக்கே தெரிஞ்சுண்டாச்சே."

"என்னிக்கு?"

"உங்க வளைகாப்பு அன்னிக்கு. கையை இழுத்துண்டேளே."

அது அவளுக்குத் தெரியாது என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸ் கூடத்தில் என் வளைகாப்பு. எல்லோரும் வரிசையாக வந்து வளையல் போடுகிறார்கள். வசு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பச்சை வளையல் ஒன்றை எடுத்தாள். என் பெரியம்மா பின்னாலிருந்து என் தோளை லேசாகத் தட்டினாள். அவ்வளவுதான். நான் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, கை வலிக்கிறது, அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்றேன். வசு சிரித்துக்கொண்டே வளையலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய் எல்லோருக்கும் பானகம் கொடுத்தாள். பிரசவ லீவு முடிந்து ஆபீஸ் போகவேண்டிவந்தபோது அதே கையில்தான் என் குழந்தையைக் கொடுத்தேன். அப்போது என் பெரியம்மாவும் தோளைத் தட்டவில்லை, எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை.

இவ்வளவு நாள் நான் அவளை எப்படியெல்லாமோ நினைத்திருக்கிறேன். ராசி இல்லாதவள் என்று அந்த ஒரு நாளைக்கு அப்புறம் நினைத்ததே இல்லை. இந்தப் பொய்யை அதற்காக நான் சொல்லவில்லை. ஆனால் அவள் அதற்காகத்தான் என்று நம்பிக்கொண்டு, அதுவும் நியாயம்தான் என்று எனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படி அவள் நினைத்துக்கொள்வதைவிட நான் கேவலமானவள் என்று அவளுக்குத் தெரிந்துவிடுவதே மேல் என்று தோன்றியது.

"ஏ அசடு" என்றேன். "உனக்குக் குழந்தை இல்லைன்னு அந்தப் பொய்யைச் சொல்லலடி நான். என் குழந்தை உங்கிட்ட இருந்தாள்னு சொன்னேன். எனக்குப் பொறாமைடி! போறுமா? அவ முதல்ல நடந்ததை நீ பார்த்தே. முதல் பல் விழுந்தப்போ உன் கையில கொண்டு வந்து குடுத்தா. பெரியவளானதை உங்கிட்டதான் முதல்ல சொன்னா. இப்ப முதல் வளையலும் உனக்கா? பெத்தவ நான் எதுக்குத்தான் இருக்கேன்? தாங்கல எனக்கு. அதான் பொய் சொன்னேன். அன்னிக்குக் கையை இழுத்துண்டது பாவம்தான், அதுக்கு இன்னிக்கு வரைக்கும் மன்னிப்பும் கேக்கல. ஆனா இது அது இல்ல. இது வெறும் வயத்தெரிச்சல்."

வசு என்னை ஆறுதல் படுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு மட்டும்தான் வயறு இருக்கா?" என்றாள். "அஞ்சரை மணி ஆனா எனக்குப் படபடன்னு வரும், தெரியுமா? கார்த்தாலேர்ந்து என் மடியிலதான் இருப்பா. நான்தான் சாதம் ஊட்டுவேன், நான்தான் தூங்கப் பண்ணுவேன். நீங்க மணி அடிச்ச உடனே என்னைத் தள்ளிண்டு ஓடுவா. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. உங்க இடுப்புல ஏறிண்டு போயிடுவா. நான் அவ தட்டை அலம்பிண்டு நிப்பேன்."

"வசு…"

"இருங்கோ, சொல்லிடறேன். உங்க ஆபீஸ் வழியில, ஸ்ட்ராண்ட் ரோடுல மிச்சில் போணும், உங்க பஸ் நிக்கணும்னு தினம் வேண்டிண்டிருக்கேன். கட்சிக்காரா கொடியைத் தூக்கிண்டு அப்படி ஊர்வலம் போற அன்னிக்கு நீங்க ஏழு மணிக்கு வருவேள். எனக்கு அது பண்டிகை. ஒரு நாளாவது உங்களுக்குப் பஸ்ஸே கிடைக்காம ராத்திரி அவ எங்காத்துலயே தூங்கிடக்கூடாதான்னு நினைச்சிருக்கேன். எட்டு அடி நடந்தாள்னு வாசல்லயே சொன்னேனே, வேணும்னுதான் சொன்னேன். உங்க மூஞ்சி மாறறதைப் பார்க்கறதுக்கு."

"அடிப்பாவி!" என்றேன்.

"ஆமா" என்றாள் வசு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. ரஞ்சனா ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்று வசு சொன்னாள், வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் மூன்றாகவே வாங்கி வந்தாள்.

வண்டி அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கிளம்பியது. அப்புறமும் நத்தை மாதிரி ஊர்ந்து, வழியில் இருக்கிற ஸ்டேஷனுக்கெல்லாம் மரியாதை செலுத்திக்கொண்டு போயிற்று. முதல் வளையல் யார் போடுவது என்று நாங்கள் பேசவில்லை. பேசினால் மறுபடி சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வசு நன்றாகத் தூங்கினாள், குறட்டையோடு. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சென்னை சென்ட்ரல். சரியாகப் பதினேழு மணி நேரம் தாமதம். வீடு போய்க் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டே கால். அக்ஷரா மணையில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் புடவை, முகமெல்லாம் பூரித்து, கை விரல்கூட உப்பியிருந்தது. லக்ஷ்மி மாமி வளையல் தட்டை என் முன்னால் வைத்து, "நீங்க ஆரம்பியுங்கோ சம்பந்தி மாமி" என்றாள். வசுவைத் தேடினேன். கூடத்தில் இல்லை. அடுக்களைக்குள் தலையை விட்டுப் பார்த்தால், பானகத்துக்கு ஏலக்காய் பொடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருக்கலாம். என் திட்டப்படியே எல்லாம் நடந்திருக்கும். வசு வாயைத் திறந்திருக்கமாட்டாள். கை அந்த வளையல் தட்டுக்குத்தான் போயிற்று, பொய் சொல்வானேன்?

பிறகு அடுக்களைக்குப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "விடுங்கோ, கையெல்லாம் ஏலக்கா" என்று அவள் திமிறினாள். எல்லோர் எதிரிலும் அக்ஷராவிடம், "மாஷி மாட்டேன்னு சொல்லவே இல்லைடி. நான் அவகிட்ட கேக்கவே இல்ல. பொய் சொன்னேன்" என்றேன். சீதாராமன் எங்கேயோ கூரையைப் பார்த்தார்.

"தெரியும்மா" என்றாள் அக்ஷரா. "நீ கை நடுங்கறதுன்னே. அவ முட்டி வலின்னா. ஒரு பொய்யைக்கூட ரெண்டு பேரும் பேசி வெச்சுக்க மாட்டேளா? நாப்பது மணி நேரம் ஒண்ணாதானே உக்காந்திருந்தேள்?"

வசு மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முட்டி ஒன்றும் மடக்க முடியாமல் இல்லை. பச்சை வளையலை எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் கை நிஜமாகவே நடுங்கியது. அக்ஷராவின் மணிக்கட்டை நான் பிடித்து அவள் பக்கமாக நீட்டிக் காட்டினேன். வளையல் உள்ளே போகிறவரைக்கும் விடவில்லை. இரண்டு ஆறு அளவு சரியாக இருந்தது. இரண்டாவது வளையல் நான் போட்டேன்.

மனசு நிறைந்துவிட்டது என்று இங்கே எழுதினால் ரஞ்சனாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். நிறையவில்லை. அந்தப் பச்சை வளையலைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்றது. இப்போதும் ஃபோட்டோவில் பார்த்தால் சுருக்கென்கிறது.

வந்தவர்களெல்லாம் போன பிறகு சாயங்காலம் கொஞ்சம் கண் அயர்ந்தேன். எழுந்து வந்தால் உள் அறையில் வசு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் தலை வைத்து அக்ஷரா தூங்கிக்கொண்டிருக்கிறாள், இரண்டு கையிலும் வளையலோடு. நான் வாசற்படியில் நின்றேன். கடிகாரத்தில் மணி ஐந்தரை.

வசு என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே, பழக்கம் பாருங்கள், அக்ஷராவின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கித் தன் மடியை விலக்கிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். இப்படித்தான் பத்து வருஷமும் எழுந்திருந்தாள். நான் ஒரு நாள்கூட அதைக் கவனித்ததில்லை.

"உக்காருடி" என்றேன். "ஸ்ட்ராண்ட் ரோடுல மிச்சில் போறது. பஸ் நின்னுடுத்து. நான் வர நாழியாகும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் அடுக்களைக்குப் போய்க் காபி போட்டேன். அவள் டம்ளரில் மட்டும் சர்க்கரையைக் குறைத்துத்தான் போட்டேன்.